பதினோரு திரையில் ஒரே கடிதம்

பிரசாத் சாருக்கு வியர்த்தது. சக்குபள்ளம் பக்கத்து மலையில், அடைமழை மாதத்தில், காலை பத்து மணிக்கு ஒரு மனிதருக்கு வியர்த்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அவர் எங்கள் திட்டத்தின் கோ-ஆர்டினேட்டர். ஏலத்தோட்டப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் திட்டம். நான் அங்கே ஒப்பந்த டீச்சர். தலைமை அலுவலகத்து மேடம் ஒருவர் பதினொரு மணிக்குப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னதாகவே வந்தவர், ஒன்றாம் நம்பர் மெஷினைப் போட்டார். வெறும் நீலத் திரை. மூலையில் ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் ‘சாவி எங்கே’.

திறந்தார். பிரசாத் சார் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்கும்போது மட்டும் எழுத்து எழுத்தாக, கல்லுப் பொறுக்குவதுபோல் பொறுக்குவார். மூன்றாவது வரி வந்ததும் முகம் மாறியது.

“எந்தா டீச்சரே இது?”

“லெட்டர் மாதிரி இருக்குதுங்க சார்.”

“லெட்டர்னு எனக்கும் தெரியும். இது எப்படி இங்க வந்தது?”

பதிலுக்குக் காத்திராமல் அழித்தார். இரண்டாம் நம்பரைப் போட்டார். அங்கேயும் ‘சாவி எங்கே’. அழித்தார். மூன்றாம் நம்பர். நான்காம் நம்பர். பன்னிரண்டு மெஷினிலும் தேடித்தேடி அழித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அழித்துப் பயனில்லை என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் வாசலில் நின்று பாலில்லாத கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

கேரளாவிலிருந்து கேரளாவுக்கு

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் எங்கள் வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். அங்கிருந்து இந்த மலைக்கு வர நான் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு பகல் முழுக்க உருண்டு, குமுளியில் மறுபடி கேரளாவுக்குள் நுழைவேன். பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “எங்கீங் போறீங்க?” என்பார். “கேரளாவுக்குங்க” என்பேன். “இப்பத்தானுங்க அங்கிருந்து வந்தோம்!” என்று என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

எஸ்டேட்டில் என் பேச்சே ஒரு வேடிக்கை. அங்கிருந்த பெண்களெல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து போன தலைமுறையில் மலையேறியவர்களின் பிள்ளைகள். முதல் வகுப்பில் நான் “ஏனுங்க, எல்லாரும் உக்காருங்க” என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அன்றிலிருந்து எனக்கு ‘ஏனுங்க டீச்சர்’ என்று பெயர். சம்பளப் படிவத்தில் இருக்கும் பெயர் யாருக்கும் தெரியாது.

சிரிப்பைக் கிளப்பியவள் செல்லக்கனி. நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஏலக்காய் எடுத்து எடுத்துக் கறுத்த விரல் நுனி. வகுப்பில் அவளை அதட்ட எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

தலைகீழ்க் காலை

இமேஜ் என்றால் என்ன என்று சொல்லாமல் இந்தக் கதை நகராது. அதற்குக் கஞ்சிக்கோடு போக வேண்டும்.

என் முதல் வேலை அங்கே ஒரு கம்பெனியில். முப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். முப்பதுக்கும் தனித்தனியாக எதையும் நிறுவ மாட்டார்கள். ஒரு மெஷினைச் சரியாக அமைத்து, அதன் மொத்த உருவத்தையும் ஒரே கோப்பாகச் சுருட்டி சர்வரில் வைத்துவிடுவார்கள். அதுதான் இமேஜ். காலையில் முப்பதும் விழித்ததும் ஒயர் வழியாக சர்வரிடமிருந்து அதை வாங்கி அணிந்துகொள்ளும். பகலில் நீங்கள் என்ன மாற்றினாலும் அது நினைவகத்தில் மட்டும். சாயங்காலம் அணைத்தால் எல்லாம் போச்சு. மறுநாள் மறுபடி அதே பழைய முகம்.

ஒருநாள் தோழிக்கு வேடிக்கை காட்ட மாதிரி மெஷினில் திரையைத் தலைகீழாகத் திருப்பினேன். திருப்பியதை மறந்து இமேஜும் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை முப்பது பேரும் வௌவால் மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் மட்டும் மானிட்டரையே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மத்தியானச் சோறு வரைக்கும் வேலை செய்தார். வேலை நிற்கக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு பற்று.

அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இமேஜ் எடுக்குமுன் மாதிரி மெஷினைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றில் தப்பு விட்டால் எல்லாவற்றிலும் அதுதான் விளையும்.

நான் ஒண்ணும் அமுக்கலையே

எஸ்டேட்டிலும் அதே ஏற்பாடுதான் முதலில் செய்தேன். ஆபீஸ் கட்டடத்தின் ஒரு பெரிய அறை. யாரோ கழித்துக் கட்டிய பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர், நடுவில் எல்லா ஒயரையும் இணைக்கும் ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டி. பக்கத்து ஸ்டோரில் ஏலக்காய் உலரும் சூட்டு மணம் சுவர் வழியாகவே வரும்.

மலையில் மின்சாரம் நம்மைக் கேட்டா வருகிறது? இடி இடித்தால் அந்தப் பெட்டி கண்ணை மூடிக்கொள்ளும். அது மூடினால் சர்வரின் கை அறுந்துபோகும். மெஷின்களெல்லாம் ஒரே நொடியில் உறைந்து நிற்கும்.

அப்போதெல்லாம் பேச்சியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவாள். “நான் ஒண்ணும் அமுக்கலையே! சத்தியமா அமுக்கல!” ஐந்தாம் நம்பரில் உட்காரும் பயந்த சுபாவக்காரி. கரண்ட் கம்பத்தில் மரம் விழுந்த நாளிலும் தன்னால்தான் என்று நினைத்தாள்.

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நாலு மணிக்கு வேலை விட்டு வருவார்கள். அதில் பாதி நேரம் மெஷின்கள் சர்வரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதிலேயே போனது. எல்லாம் ஒரே சமயத்தில் இமேஜை இழுத்தால் அந்தப் பழைய சர்வர் என்ன செய்யும்?

யோசித்து ஒரு வழி கண்டேன். இமேஜை ஒவ்வொரு மெஷினுக்குள்ளும், அதனதன் வட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவது. காலையில் சர்வர் ‘எழுந்திரு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மீதியை மெஷின் தன் வயிற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிறகு இடி விழுந்து பெட்டி செத்தாலும் கவலையில்லை. வெளியிலிருந்து சோறு வரும் என்று காத்திருக்காமல் வீட்டிலேயே உலை வைக்கிற மாதிரி.

பென்சில் டப்பா அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இமேஜைப் போட்டுக்கொண்டு, மாதிரி மெஷின் தவிர மற்ற பதினொன்றிலும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். மறுநாள் வகுப்பில் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து நின்றன. பேச்சியம்மா கை தட்டினாள். தட்டிவிட்டு, தட்டலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நாலாம் நம்பர்

மாதிரி மெஷினாக நான் வைத்திருந்தது நாலாம் நம்பரை. அதில் மட்டும் லினக்ஸை வழக்கம்போல நேராக நிறுவியிருந்தேன். அதனால் அதில் எழுதியது மறுநாளும் இருக்கும். மற்றவற்றில் இருக்காது.

இதை யாருக்கும் நான் சொல்லவில்லை. செல்லக்கனி தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவது வாரமே நாலாம் நம்பர் நாற்காலியில் பையைப் போட்டு இடம் பிடித்தாள்.

“ஏனுங்க, உங்க எடம் எட்டாம் நம்பருங்களே?”

“அதுல எழுதினா மறுநா காணாமப் போயிருதுல்லா. நான் எழுதினது எனக்கு மறுநாளும் இருக்கணும் டீச்சர்.”

நாற்காலியை அவளுக்கே விட்டேன். ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து விசைப்பலகையைத் தேடித்தேடி, மூன்று வாரம் ஒரு கடிதம் அடித்தாள். அது இதுதான்:

‘ஐயா வணக்கம். ஆபீஸ் பக்கம் ஒரு கக்கூஸ் இருக்கு. அதில் பூட்டு இருக்கு. சாவி எங்கே. விருந்தாளி வந்தால் திறப்போம் என்று சொன்னீர்கள். மூணு வருசமா விருந்தாளி வரவில்லை. நாங்கள் தினம் வருகிறோம். ஏலக்காட்டில் அட்டை கடிக்கிறது. எங்கே கடிக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இப்படிக்கு’

இப்படிக்குவுக்குக் கீழே பெயர் இல்லை.

கடிதத்தில் ஒரு பொய் கிடையாது. எங்கள் வகுப்பறைக்கு நேர் எதிரே அந்தக் கக்கூஸ், பச்சைக் கதவில் கைப்பிடி அளவு பூட்டு. சாவி எஸ்டேட் ரைட்டரிடம், அதாவது ஆபீஸ் குமாஸ்தாவிடம். எஸ்டேட் பெயரையும் அவர் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நானும் அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்குள்தான் போய்வந்தேன். டீச்சர் என்று அட்டை பார்ப்பதில்லை.

“இத பிரிண்டு போட்டுத் தாங்க டீச்சர்” என்றாள் செல்லக்கனி. பிரிண்டர் கேட்டு நான் பிரசாத் சாருக்கு இரண்டு முறை எழுதியிருந்தேன். வரவில்லை.

“இப்போதைக்கு அப்படியே இருக்கட்டுங்க” என்றேன்.

அழிக்க அழிக்க

மேடம் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார். தொடுபுழையில் காலையில் புறப்பட்டவர். வழியில் இரண்டு இடத்தில் மண் சரிந்திருந்ததாம். ஜீப்பிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், மலையாளி.

பெண்களெல்லாம் அன்று அரைநாள் வேலையோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மெஷின்கள் அணைந்திருந்தன. அதுவும் பிரசாத் சார் யோசனைதான். எவ்வளவு வேகமாக எழுகின்றன என்று மேடத்துக்குக் காட்ட வேண்டுமாம். அவர் கையால் அவரே ஒவ்வொன்றாக அணைத்திருந்தார்.

“ஓண் செய்யுங்க!” என்றார் பெருமையாக.

செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க நீல வெளிச்சம். பதினோரு திரையின் மூலையிலும் ‘சாவி எங்கே’.

நாலாம் நம்பரில் மட்டும் இல்லை. அதில் அழித்தது நிஜமாகவே அழிந்துபோயிருந்தது. எழுதியவள் முன்னால் மட்டும் வெறும் நீலம். செல்லக்கனி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

“இது எந்தா, எல்லாத்திலும்?” என்று மேடம் பேச்சியம்மாவின் மெஷினைச் சுட்டினார்.

பேச்சியம்மாவின் இரண்டு கையும் மேலே போயின. “நான் ஒண்ணும் அமுக்கலம்மா!”

பிரசாத் சார் பாய்ந்து வந்தார். “சின்ன மிஸ்டேக் மேடம். இப்ப களையும்.” மேடத்தின் கண்ணெதிரே அழித்தார். “ஒரு தடவை ஓஃப் செஞ்சு போட்டா சரியாவும்.” அணைத்துப் போட்டார். நீலத் திரை வந்தது. மூலையில் ‘சாவி எங்கே’ வந்தது.

மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை மேடம் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

“பிரசாதே, அது போகாது. அதுக்கு என்னமோ சொல்லணும்போல.” எங்கள் பக்கம் திரும்பினார். “எனிக்கு தமிழ் கேட்டா மனஸ்ஸிலாவும், வாசிக்கத் தெரியாது. யாரு எழுதினது? அவங்களே வாசிக்கட்டும்.”

பக்கத்து ஸ்டோரில் யாரோ ஏலக்காயைத் தட்டில் கொட்டும் சரசரப்பு கேட்டது. வாசலில் எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் வேறு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் சொன்னால் நாளைக்கு எந்தச் சரிவில் வேலை கொடுப்பார்களோ யாருக்குத் தெரியும்? விளையாட்டு போதும் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

“நான்தாம்மா எழுதினேன்” என்றாள் செல்லக்கனி.

எழுந்து, தன் மெஷினில் இல்லாததால் பேச்சியம்மாவின் தோள் மேலாகக் குனிந்து, ஐந்தாம் நம்பர் திரையைப் பார்த்து வாசித்தாள். ‘எங்கே கடிக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது’ என்ற வரியில் பின்வரிசை வெடித்தது. அவள் நிறுத்தி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ‘இப்படிக்கு’ என்று முடித்தாள். அடுத்து திரையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள்:

“இப்படிக்கு, செல்லக்கனி.”

“அதுல என் பேரு இல்லல்லா?” என்று பேச்சியம்மா மெதுவாகக் கேட்டுக்கொண்டாள்.

விருந்தாளி

மேடம் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

“சத்யம் பறஞ்சா, எனிக்கும் இப்ப அதுதான் வேணும். மூணு மணிக்கூர் ஜீப்பில. பிரசாதே, சாவி எவிடே?”

பிரசாத் சார் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஓடினார். ஐந்து நிமிடம் கழித்து வெறும் கையோடு திரும்பினார். ரைட்டர் குமுளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். சாவி அவர் இடுப்பில்.

மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்துச் செல்லக்கனிதான் குடையை எடுத்தாள். மடியிலிருந்து உப்பு முடிச்சை எடுத்துக் காட்டினாள்.

“வாங்கம்மா. நான் இருக்கேன். சேலைய மட்டும் நல்லாத் தூக்கிப் பிடிச்சுக்கிடுங்க.”

இருவரும் மழைக்குள் நடந்து ஏலச்செடிகளுக்குள் மறைந்தார்கள். வாசலில் நாங்கள் பதினைந்து பேர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றோம். பிரசாத் சார் வானத்தைப் பார்த்தார். செடிகளுக்கு மேல் கறுப்புக் குடை மட்டும் தெரிந்தது. திடீரென்று உள்ளேயிருந்து “அய்யோ!” என்று ஒரு குரல், தொடர்ந்து செல்லக்கனியின் “அசையாதீக, அசையாதீக, உப்பு வைக்கேன்.”

திரும்பி வந்தபோது மேடத்தின் கணுக்காலில் ரத்தம் நூலாக வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. நேராகப் பச்சைக் கதவின் முன்னால் போய் நின்றார்.

“பூட்டு பொளிக்கு.”

“மேடம், எஸ்டேட்டு சொத்து…”

“பொளிக்கு, பிரசாதே.”

ஜீப் டிரைவர் ஜாக்கிக் கம்பியைக் கொண்டுவந்து நெம்பினார். பூட்டு தெறித்தது. கதவு திறந்தது. உள்ளே கால் ஒடிந்த மூன்று நாற்காலி, பாதி உர மூட்டை, ஒட்டடைக்குள் ஒரு பழைய ரேடியோ. கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். “விருந்தாளி உள்ளதான் இருந்திருக்காக” என்றாள்.

அதற்குத்தான் மேடம் சிரித்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கவனக்குறைவு

அன்றே ஒழித்துக் கழுவினார்கள். தண்ணீர்க் குழாய் வர இரண்டு வாரம் ஆனது. வந்தபிறகு உள்பக்கம் கொண்டி இல்லை என்று தெரிந்தது. அதற்குக் கடிதம் எழுதியது பேச்சியம்மா. ‘தப்பாக எதுவும் அமுக்கியிருந்தால் மன்னிக்கவும்’ என்று முடித்திருந்தாள். கொண்டி வந்தது. செல்லக்கனியை எந்தச் சரிவுக்கும் மாற்றவில்லை. அட்டைக்கு உப்பு வைத்துவிட்ட பெண் எப்படி இருக்கிறாள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து போனில் கேட்டார்களாம். அது காரணமாக இருக்கலாம்.

பிரசாத் சார் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அதை எங்ஙனேயா களையறது?”

“புதுசா இமேஜ் எடுத்து, பதினொண்ணுலயும் மாத்தோணுங்க சார்.”

“மாத்துங்க.”

மாற்றினேன். மாற்றும்முன் ஐந்தாம் நம்பரிலிருந்து செல்லக்கனியின் கடிதத்தை ஒரு பென்டிரைவில் எடுத்து அவளிடம் கொடுத்தேன். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

“டீச்சர், நெசத்தச் சொல்லுங்க. அத மறந்தா உள்ள விட்டீக?”

“ஆமாங்க. மறந்துட்டனுங்க.”

“நல்லா மறந்தீக, போங்க” என்றாள்.

மழை முடிந்த மாதம் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில் பிரசாத் சார் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: கவனக்குறைவு. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குமுளி பஸ் ஏறினேன். கம்பம் தாண்டும்வரை அந்தச் சொல் உறுத்திக்கொண்டே வந்தது. வேலை போனதைவிட அதுதான் உறுத்தியது.

மேடம் வருவதற்கு முந்தின சாயங்காலம், புது இமேஜ் எடுப்பதற்காக, நாலாம் நம்பரின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உலாவியின் வரலாற்றைத் துடைத்தேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். பிரசாத் சார் தம்மைத் தாமே எடுத்துச் சேர்த்திருந்த பதினேழு படங்களை அழித்தேன். என் பாடக் குறிப்புகளைக்கூட விடவில்லை. கடைசியாக ‘சாவி எங்கே’ என்ற அந்தக் கோப்பைப் பிடித்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி திரையின் மூலைக்கு இழுத்துவைத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை திறந்து பார்த்து, அப்புறம்தான் இமேஜ் எடுத்து மற்ற பதினொன்றிலும் ஏற்றினேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.